பேக்டரி பெட்டியில் ஒழுகிய கெர்னல்: ஒரு கோத்தகிரி அனுபவம்

மலையில் சர்வரோ ரூட்டரோ வைத்துப் பராமரிக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருந்த ஒரு லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் ஒழுகவிடும் பிழை), ஒரு தேயிலை பேக்டரியின் எடைக் கணக்கை ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்தி எடுத்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் கையை விட்டுப் போனது ஏறக்குறைய 22,000 ரூபாய். போன தூக்கம் தனிக்கணக்கு. யாரைக் கேட்டாலும் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்றார்களே தவிர, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

கோத்தகிரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், கேமரா எல்லாவற்றுக்கும் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். நான் சொல்கிற பேக்டரி சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற இடம். இலை வண்டி ஊர் ஊராகப் போகும், அங்கேயே தராசில் எடை போட்டு போனில் ஏற்றுவார்கள், அது பேக்டரி ஆபீஸில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டிக்கு வந்து சேரும். ஃபேன் இல்லாத மினி பி.சி., 4 ஜி.பி. ரேம், உள்ளே லினக்ஸ். எடைக் கணக்கு சர்வரும் அதுதான், மொத்த பேக்டரிக்கும் ரூட்டரும் அதுதான். ஃபைபர் லைன் போனால் தானாக 4ஜி டாங்கிளுக்கு (சிம் போட்டுச் செருகும் குட்டி மோடம்) மாறிக்கொள்ளும். முதலாளி கோயம்புத்தூரில் இருப்பவர். இலை வாட்டும் பகுதியை வீட்டு டி.வி.யில் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குப் பிடிக்கும் என்பதால் கேமராப் பதிவுக் கருவியான டி.வி.ஆர். நாள் முழுக்க வீடியோவைத் தள்ளிக்கொண்டிருக்கும். வாசலில் இருக்கிற டீத்தூள் கடையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு இலவச வைஃபை உண்டு, அதுவும் இந்தப் பெட்டி வழியாகத்தான். சின்ன இடங்களில் இப்படித்தான், ஒரே பெட்டி தலையில் நாலு வேலை. பெட்டியை விற்றவர்கள் தங்களுடைய சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள், நான் பராமரிப்புக்கு வந்தது அதற்கப்புறம்.

கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். எங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பர்தான் ஆபத்தான மாதங்கள். மரம் விழும், கம்பம் சாயும், ஃபைபர் அறுந்தால் சரிசெய்ய ஆள் ஏறி வரவே ஒரு பகல் ஆகும். அந்த மழையில்தான் பெட்டி முதல்முறை படுத்தது. காலையில் கணக்குப் பார்க்கிற அக்கா போன் செய்தார். "தம்பி, பொட்டி படுத்துருச்சு. வண்டிக்காரங்க எடை ஏறலைங்கிறாங்க." போய்ப் பார்த்தால் விளக்கு எரிகிறது, பிங் ('இருக்கிறாயா' என்று நெட்வொர்க்கில் கேட்பது) கொடுத்தால் பதில் வருகிறது, ஆனால் லாகின் ஆக முடியவில்லை. பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டேன், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. சில நாளில் மறுபடி அதே கதை. அப்புறம் மறுபடி.

இந்த அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிங் வருகிறது, லாகின் வரவில்லை என்றால் நெட்வொர்க் போகவில்லை. பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னலே, அதற்குப் புதிதாக எந்த புரோகிராமும் கிளம்ப வேண்டியதில்லை. லாகினுக்கு ஒரு புது புராசஸ் (ஓடும் புரோகிராம்) கிளம்ப வேண்டும், அதற்கு மெமரி வேண்டும். மெமரி தீர்ந்துபோன பெட்டி பெரும்பாலும் இப்படித்தான் பாதி உயிரோடு நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மானிட்டரைச் செருகிக் கடைசி வரிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் அணையுங்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியில் தடயம் பெரும்பாலும் அழிந்துவிடும்.

மழைக்காலம், மின்சாரம் நிமிடத்துக்கு ஒருமுறை கண் சிமிட்டும் ஊர், ஈரத்தில் சுவரே வியர்க்கும் ஆபீஸ். யாராக இருந்தாலும் சந்தேகம் முதலில் கரண்டின் மேல்தான் போகும். யு.பி.எஸ். பேட்டரி மாற்றினேன். அடாப்டர் மாற்றினேன். ரேமில் கோளாறோ என்று கோயம்புத்தூரிலிருந்து வேறு வரவழைத்தேன், அடுத்து எஸ்.எஸ்.டி. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்ற நாளில், ரேம் இருந்த பார்சல் கீழேயே கிடந்தது. ஒவ்வொரு சாமான் மாற்றும்போதும் பெட்டியை அணைத்துப் போடுகிறோம் அல்லவா, அதனாலேயே சில நாள் நன்றாக ஓடும். 'சரியாப் போச்சு' என்று எல்லோருக்கும் தோன்றும். இந்த வகைக் கோளாறில் பணத்தைக் கரைப்பது இந்த இடைவெளிதான். எதை மாற்றினாலும் குணமானது போலவே காட்டும்.

இதில் என்னைவிட அதிகம் கஷ்டப்பட்டது அந்த அக்கா. பெட்டி படுத்த நாளில் எடையெல்லாம் நோட்டில் எழுதி வரும். மழையில் நனைந்த தாளைப் பிரித்து, ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து அடிப்பார். ஒரு விவசாயி, "என் இலை நாலு கிலோ குறையுது" என்று வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். மேனேஜர் சார் என்னிடம் கத்தவில்லை. "உங்களுக்குத் தெரியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாத ஒப்பந்தம் என்பதால் நான் மாற்றிய சாமான்களுக்கு பில் போடவும் வழியில்லை.

மானிட்டரை நிரந்தரமாகவே மாட்டிவைத்த பிறகு, ஒருநாள் கடைசி வரிகள் கிடைத்தன. மெமரி தீர்ந்ததால் இன்ன புராசஸைக் கொன்றேன் என்று கெர்னல் வரிசையாக எழுதியிருந்தது. எடைக் கணக்கு டேட்டாபேஸைக் கொன்றிருந்தது, வெப் சர்வரைக் கொன்றிருந்தது, கடைசியில் கொல்ல ஆளில்லாமல் நின்றிருந்தது. உடனே எல்லோரும் டேட்டாபேஸைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் பெட்டி நன்றாக ஓடும்போது எல்லா புராசஸும் எடுத்திருக்கிற மெமரியைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு ஜி.பி. கூட வரவில்லை. மொத்தக் கணக்கிலோ மூன்று ஜி.பி.க்கு மேல் செலவாகியிருந்தது. நடுவில் இரண்டு ஜி.பி. யாருடையது?

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு புரோகிராம் மெமரி வாங்கித் திருப்பித் தராவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. அந்த புரோகிராம் செத்தால் அதன் பெயரில் இருந்ததையெல்லாம் கெர்னல் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலே தன் உபயோகத்துக்கு எடுத்ததைத் திருப்பிப் போட மறந்தால் பிடுங்குவதற்கு மேலே யாருமில்லை, ரீஸ்டார்ட் ஒன்றுதான் வழி. பேக்டரியில் இலை கட்டக் கொடுக்கும் சாக்குகள் மாதிரி. எடுத்தவர் பெயர் நோட்டில் இருந்தால் வசூலித்துவிடலாம், ஸ்டோர்காரரே எங்கோ வைத்துவிட்டு மறந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் கெர்னல் டேட்டாபேஸைக் கொன்றும் பிரயோஜனமில்லாமல் போனது. காணாமல் போன மெமரி அதனிடம் இல்லவே இல்லை.

உங்கள் பெட்டியில் இதைப் பார்க்க பைசா செலவில்லை. 'புராக்' அடைவுக்குள் 'மெம்இன்ஃபோ' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 'ஸ்லாப்' என்ற வரி கெர்னல் தனக்காக எடுத்திருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளின் கணக்கு. அதற்குக் கீழே அதையே இரண்டாகப் பிரித்துக் காட்டும், வேண்டும்போது திரும்பப் பெறக்கூடியது, பெற முடியாதது என்று. முதல் பங்கு ஏறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கோப்புப் பெயர்களையெல்லாம் கெர்னல் நினைவில் வைத்துக்கொள்ளும் கேஷ் அது. கேஷைக் காலி செய்யச் சொல்லும் 'டிராப் கேஷஸ்' கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்துப் பாருங்கள், இறங்கினால் வெறும் கேஷ்தான். இரண்டாம் பங்கு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய், எதற்கும் இறங்கவில்லை என்றால் லீக் கெர்னலுக்குள் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். என் பெட்டியில் அந்த எண் இரண்டு ஜி.பி.யைத் தாண்டி நின்றது. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்த ராத்திரி அது.

அடுத்தது 'ஸ்லாப்டாப்' என்ற கட்டளை. எந்த வகைத் துண்டு எத்தனை இருக்கிறது என்று காட்டும். முதலிடத்தில் ஒவ்வொரு நெட்வொர்க் பாக்கெட்டுக்கும் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலம்) கெர்னல் வைக்கும் குறிப்பு, அதையொட்டியே அதே எண்ணிக்கையில் 2 கே.பி. துண்டுகள். பாக்கெட் வருகிறது, ஆனால் வேலை முடிந்த பிறகும் விடுவிக்கப்படவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த எண்களை ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி, குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டேன். இந்த முழு விவகாரத்திலும் எனக்கு அதிகம் உதவியது அந்த ஒரு வரிதான். கோட்டுப்படம் போட்டுப் பார்த்தபோது எண் சீராக ஏறவில்லை. படிக்கட்டு மாதிரி சும்மா கிடந்து திடீரென்று ஏறுகிறது, மறுபடி சும்மா கிடக்கிறது. ஏறிய நேரத்தையெல்லாம் லைன் போன நேரங்களோடு ஒப்பிட்டேன். ஃபைபர் அறுந்து டாங்கிளில் ஓடும்போது, அதிலும் மேகம் இறங்கி டவர் சிக்னல் போய்ப் போய் வருகிற நேரத்தில் மட்டுமே ஏறியிருந்தது.

டாங்கிளை இயக்கும் டிரைவர் என்ற நிரல் கெர்னலின் ஒரு பகுதி. பாக்கெட்டை டாங்கிளிடம் கொடுக்கும், டாங்கிள் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்ததும் விடுவிக்கும். டாங்கிள் வாங்க மறுத்தால்? அதற்கும் ஒரு பாதை கோடில் எழுதியிருப்பார்கள், அந்தத் தோல்விப் பாதையில் விடுவிக்கும் வரி விட்டுப்போயிருந்தது. கெர்னல் லீக்குகளில் பெரும் பங்கு இப்படிப்பட்ட பாதைகளில்தான் ஒளிந்திருக்கும். சிக்னல் நிறைந்த நகரத்தில் மேசை மேல் டாங்கிளை வைத்துச் சோதிக்கிறவருக்கு அந்தப் பாதை வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அக்டோபர் மாதக் கோத்தகிரியில் அதுதான் மெயின் ரோடு. மலையில் கருவி வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 'ஆயிரம் இடத்துல ஓடுது சார்' என்று விற்பவர் சொன்னால், அந்த ஆயிரத்தில் எத்தனை இடத்தில் லைன் தினமும் அறுகிறது என்று கேளுங்கள்.

எடைக் கணக்கின் சிறிய தரவு எப்படி 4 ஜி.பி.யைத் தின்றது என்பது ரொம்ப நாள் உறுத்தியது. விடை டி.வி.ஆரில் இருந்தது. பெட்டியிலேயே ஓடும் புரோகிராம் ஒன்று அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, வழக்கமாக 2,12,992 பைட். அனுப்பியவை விடுவிக்கப்படாவிட்டால் அந்த வரம்பில் முட்டி அந்த புரோகிராம் மட்டும் நின்றுவிடும். ஆனால் டி.வி.ஆரிலிருந்து வந்து பெட்டி வழியாகக் கடந்து போகும் பாக்கெட்டுக்குப் பெட்டிக்குள் உரிமையாளரே கிடையாது, வரம்பும் கிடையாது. எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்காமல் விநாடிக்கு இரண்டு மெகாபிட் வீடியோவைத் தள்ளினால், விநாடிக்கு ஏறக்குறைய 180 பாக்கெட். ஒவ்வொன்றும் 2 கே.பி.க்குக் கொஞ்சம் கூடுதலாக அடைத்துக்கொண்டால் மணிக்கு ஒன்றரை ஜி.பி. வரை போகும். சிக்னல் செத்த நேரம் மொத்தமாக இரண்டு மணி சேர்ந்தாலே பெட்டி காலி.

ஊகம் சரிதானா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்டரி ஓடாத நேரத்தில், டாங்கிளை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டித் தகர டீ டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சிக்னல் அடியோடு விழுந்தது, எண் ஓட ஆரம்பித்தது. திறந்தால் நின்றது. சாட்சி கேட்கிறவர்களுக்காக 'கே மெம்லீக்' என்ற கருவியையும் ஓட்டினேன். 2009இல் வந்த 2.6.31 கெர்னலிலிருந்தே அது உள்ளே இருக்கிறது. யாரும் சுட்டிக்காட்டாத மெமரித் துண்டுகளைத் தேடி, அதை எடுத்தது எந்த ஃபங்ஷன் என்று வரிசையோடு சொல்லும். சாதாரண கெர்னல்களில் இதை இயக்கி வைத்திருக்க மாட்டார்கள், மூலக் கோடிலிருந்து தனியாக பில்ட் செய்ய வேண்டும். பெட்டி விற்றவர்களிடம் அவர்கள் ஏற்றிய கெர்னலின் மூலக் கோடைக் கேட்டேன். லினக்ஸ் கெர்னல் வெளியாகும் ஜி.பி.எல். உரிமப்படி கேட்டால் தரவேண்டியது, பதிலே வரவில்லை. பொதுவெளியில் கிடைக்கும் அதே பதிப்பை எடுத்து லேப்டாப்பில் பில்ட் போட்டேன், நடுவில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, இந்தக் கருவி எல்லா லீக்கையும் பிடிக்காது. யாரோ ஒருவர் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதாகக் கணக்கில் நிற்கிற துண்டை அது விட்டுவிடும்.

பெட்டியில் இருந்தது 4.19 வரிசையில் பழைய ஒரு கெர்னல். அந்த வரிசைக்கான ஆதரவே 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. புதிய கெர்னலில் அதே டிரைவரைப் பிரித்துப் பார்த்தால் தோல்விப் பாதையில் விடுவிக்கும் வரி இருக்கிறது, முன்னமே யாரோ சரிசெய்திருக்கிறார்கள். மாற்றம் மொத்தம் இரண்டே வரி. இரண்டு வரிக்கு 22,000 ரூபாயா என்று சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. விற்றவர்கள் அப்டேட் வராதபடி கெர்னலைப் பூட்டி வைத்திருந்ததால் அந்த வரிகள் எங்களை வந்து சேரவே இல்லை. டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட்டு, 6.1 கெர்னலோடு வரும் டெபியன் 12 என்ற லினக்ஸ் தொகுப்பைப் புதிதாகப் போட்டேன். மாற்றுகிறவர்கள் பழைய எஸ்.எஸ்.டி.யை அப்படியே கழற்றிப் பத்திரமாக வையுங்கள், ஏதாவது தகராறு என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அப்டேட் தானாக வரும்படி வைத்தாலும் புது கெர்னல் ரீஸ்டார்ட் ஆகும்வரை வேலைக்கு வராது என்பதையும் மறக்க வேண்டாம். இறங்கி அப்படியே உறங்கிக்கொண்டிருக்கும் கெர்னல்களை நான் நிறைய இடத்தில் பார்க்கிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டீத்தூள் கடை வைஃபை ஞாபகத்துக்கு வந்தது. சிக்னல் மோசமான நேரத்தில் அங்கே உட்கார்ந்து டீ குடிக்கிற யாராவது, வேண்டுமென்றே போனிலிருந்து குப்பைப் பாக்கெட்டுகளைத் தள்ளியிருந்தால்? பாஸ்வேர்டு வேண்டாம், உள்ளே நுழைய வேண்டாம், பேக்டரியின் மொத்தக் கணக்கும் படுத்திருக்கும். 'சும்மா லீக்தானே, ரீஸ்டார்ட் பண்ணினா போச்சு' என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். வெளியாள் ஒருவர் நினைத்தபோது ஒழுகவைக்க முடிந்தால் அது பாதுகாப்பு ஓட்டைதான். சில லீக் அதோடு நிற்பதுமில்லை. 2016 ஜனவரியில் வெளியான சி.வி.இ. 2016-0728 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பட்டியல் எண் இது) அப்படிப்பட்டது. ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் கெர்னலின் சாவிக்கொத்துப் பகுதியில், ஒரு பொருளை எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுக் குறைக்க மறந்திருந்தார்கள், 3.8 கெர்னலிலிருந்தே அப்படித்தான் இருந்தது. சாதாரண யூசர் ஒருவர் அதைத் திரும்பத் திரும்பத் தூண்டி சுமார் 429 கோடி முறை கூட்டவைத்தால் 32 பிட் எண் சுற்றிப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், யாரும் உபயோகிக்கவில்லை என்று நினைத்துக் கெர்னல் அந்தப் பொருளை விடுவித்துவிடும், அந்த இடத்தில் தன் சரக்கை வைத்து ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தையே பிடித்துவிடலாம். கண்டுபிடித்தவர்களின் கணினியில் அதற்கு ஆனது அரைமணி நேரம். 2017இல் 4.11 கெர்னலில் இதற்கென ஒரு புது எண்ணி வகையைக் கொண்டுவந்தார்கள். அது உச்சத்தைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும், பொருள் விடுவிக்கப்படாமல் ஒழுகும். பெரிய ஆபத்துக்கு ஒழுகலே மேல் என்று தெரிந்தே எடுத்த முடிவு, எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

காரணம் தெரியும்வரை பேக்டரியை ஓட்ட வேண்டுமே, அதற்குச் செய்தவையும் உதவலாம். மெமரி தீர்ந்தால் ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டிருக்காமல் கெர்னலே பேனிக் ஆகி (எல்லா வேலையையும் நிறுத்திக்கொண்டு), பத்து விநாடியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. அதைப் போட்டதிலிருந்து அதிகாலையில் யாரும் பட்டனை அழுத்தப் போக வேண்டியிருக்கவில்லை. போர்டில் வாட்ச்டாக் (பெட்டி உறைந்தால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் வசதி) இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள், கெர்னலே உறைந்துபோனால் அதுதான் காப்பாற்றும். டாங்கிளுக்கு மாறும்போது டி.வி.ஆர். பாக்கெட்டுகளை வாசலிலேயே தடுத்துவிட்டேன். முதலாளி இரண்டு நாள் முணுமுணுத்தார், பிறகு அவரும் மறந்துவிட்டார். கடை வைஃபையைத் தனி ரூட்டருக்கு மாற்றிவிட்டேன். தினமும் ராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆகவைப்பது கேவலமான வழி என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொள்முதல் நடக்கிற இடத்தில் கணக்கு ஓடுவதுதான் முக்கியம். ஆனால் அந்த ரீஸ்டார்ட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்லாப் எண்ணை எழுதிவையுங்கள். இல்லையென்றால் நோய் மறைந்து கிடக்கும், அடுத்த வருடம் மழை கூடுதலாகப் பெய்தால் மதியமே படுத்துவிடும்.

பணத்தில் கொஞ்சம் திரும்ப வந்தது. ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் வேறு இரண்டு பேருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன், யு.பி.எஸ். பேட்டரி எப்படியும் மாற்ற வேண்டிய வயதுதான் என்று மேனேஜர் சார் அதற்கு மட்டும் காசு தந்தார். அதே விற்பனையாளரிடம் அதே பெட்டியை வாங்கிய பேக்டரிகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அரவேணு பக்கத்தில் ஒன்றுக்குக் கெர்னல் மாற்றிக் கொடுத்தாயிற்று. கட்டபெட்டு பக்கம் ஒருவர், "ஓடுற வண்டிய ஏன் தம்பி பிரிக்கணும்?" என்கிறார். அவருடைய பெட்டியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதும் அந்த ஒரு வரியை மட்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மழை ஆரம்பித்ததும் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடி பேச வேண்டும்.